வீட்டுக்கடனும் தரகரும்



வீடு வாங்கக் கடன் பெறும்போது நம்பத்தக்க தரகரை எவ்வாறு அறிந்துகொள்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதைக் கேட்டவுடன், "எங்களுக்கும் வீட்டுக்கடனுக்கும் என்ன சம்பந்தம்? அது பெரியவர்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் அல்லவா?" என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் உண்டு, இரண்டு வகையில் உண்டு. உங்கள் இல்லத்தில் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுபவர் தந்தையாகவோ தாயாகவோ இருக்கலாம். ஆனால் அந்தப் பத்திரத்தை ஒரு வரியும் விடாமல் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் பல குடும்பங்களில் நீங்கள்தாம். அது ஒன்று. இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகளில் கையெழுத்திடும் முறை உங்களுக்கே வரும், அது மற்றொன்று.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்தக் காலத்தில் வீடு கட்டியவர் கொத்தனாரோடும் தச்சரோடும் மல்லாட வேண்டியிருந்தது. இன்று அதற்கு முன்பே காகிதத்தோடு மல்லாட வேண்டியிருக்கிறது. அந்தக் காகிதக் காட்டில் வழிகாட்ட வருகின்றவரே கடன் தரகர்.

முதலில் அடமானம் என்பது இன்னதென்று தெளிவாக அறிந்துகொள்வோம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், அதன் 58ஆம் பிரிவில், ஆறு வகையான அடமானங்களைக் கூறுகிறது. நம் கிராமங்களில் வழங்கும் ஒற்றி அவற்றுள் ஒன்று. கடன் கொடுத்தவர் நிலத்தையே அனுபவித்துக்கொண்டு வருவது அது. இன்று வங்கிகள் வீட்டுக்கடனுக்குப் பெரும்பாலும் கையாளுவது வேறொரு வகை. வீட்டின் அசல் பத்திரங்களைக் கடன் தீரும் வரையில் வங்கியிடம் ஒப்படைத்து வைப்பது அவ்வகை. வீட்டில் நாம் குடியிருப்போம். பத்திரம் வங்கியின் பெட்டகத்தில் குடியிருக்கும்.

தவணை தவறினால் என்ன ஆகும்? ஒரு தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அக்கணக்கு வாராக்கடன் என்று வகைப்படுத்தப்படும். அதன்பின், 2002ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சர்ஃபாசி சட்டத்தின்படி, 60 நாள் அவகாசம் தந்து வங்கி அறிவிப்பு அனுப்பலாம். அந்த அவகாசத்திலும் பணம் கட்டப்படாவிட்டால், நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்காமலே வீட்டைக் கைப்பற்றி விற்கும் வழியை அச்சட்டம் வங்கிக்குத் தந்திருக்கிறது. கடன் வாங்கியவர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம் என்பது உண்மைதான். ஆயினும் அந்த நிலைக்கு ஒரு குடும்பம் வந்துவிட்டால், அதன் அமைதி அன்றே போய்விட்டது என்று கொள்ளலாம். ஆகவே நாம் பேசுவது ஏதோ சில்லறை வட்டியைப் பற்றியன்று. தலைக்கு மேலுள்ள கூரையைப் பற்றி.

இனி, தரகர் என்பவர் யார் என்று பார்ப்போம்.

வீட்டுக்கடன் வாங்கத் தரகர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. வங்கிக் கிளைக்கு நேரே சென்று விண்ணப்பம் கொடுக்கலாம். எனினும் பலர் தரகரை நாடுகின்றனர். அதற்குக் காரணமும் இருக்கிறது. மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளச் சான்று இருக்கிறது. மளிகைக் கடைக்காரருக்கும், தையற்காரருக்கும், வாடகை வண்டி ஓட்டுபவருக்கும் அவ்வாறு ஒரு சான்று இல்லை. எந்த வங்கி எந்த ஆவணத்தை ஏற்றுக்கொள்ளும், மூலப்பத்திரம் எத்தனை ஆண்டுகளுக்குக் கேட்பார்கள், வில்லங்கச் சான்றில் எதைப் பார்ப்பார்கள் என்பனவற்றை அனுபவமுள்ள தரகர் அறிவார். பத்து நடை நடக்க வேண்டிய இடத்தில் இரண்டு நடையில் காரியத்தை முடித்துத் தருவார். இது உண்மையான சேவை. தரகர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று எண்ணுவது நியாயமன்று.

ஆனால் தரகர் என்ற ஒரே பெயரில் பலர் உலவுகின்றனர். வங்கியோ வீட்டுக்கடன் நிறுவனமோ ஒப்பந்தம் செய்து நியமித்த முகவர் ஒருவர். இவரை டி.எஸ்.ஏ. என்று சுருக்கமாக அழைப்பார்கள். பல வங்கிகளுக்கும் முகவராக இருந்து, விண்ணப்பங்களைத் திரட்டி அனுப்புபவர் மற்றொருவர். வீட்டை விற்கும் கட்டடக்காரர், "கடனுக்கும் நம்மிடமே ஆள் இருக்கிறார்" என்று கை காட்டும் நபர் இன்னொருவர். எந்த நியமனமும் இல்லாமல், வங்கி வாசலில் நின்று, "உள்ளே எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்" என்று சொல்பவரும் உண்டு. இவர்களுள் யார் நம்முன் அமர்ந்திருக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்வதே முதல் வேலை.

பொள்ளாச்சி, மணப்பாறை போன்ற ஊர்களின் மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியை அறிந்திருப்பார்கள். தரகர் தம் கையின்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். துண்டுக்குள் விற்பவரின் விரலைப் பிடித்து ஒரு விலை பேசுவார். வாங்குபவரின் விரலைப் பிடித்து வேறொரு விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. மாட்டு வியாபாரத்தில் அது ஒரு பழைய வழக்கம். அதற்கென்று ஒரு மரியாதையும் உண்டு. பொருந்தாத மாடு வந்துவிட்டால் அடுத்த சந்தையில் விற்றுவிடலாம். வீட்டுக்கடனை அவ்வாறு அடுத்த வாரச் சந்தையில் தள்ளிவிட முடியாது. இருபது ஆண்டு நம்மோடு இருக்கும். ஆதலால் இங்கே துண்டு இருக்கக்கூடாது. விரல்கள் எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

துண்டை விலக்குவதற்கு ஒரே கேள்வி போதும். "ஐயா, இந்த வேலைக்கு உங்களுக்குக் கூலி கொடுப்பவர் யார்? எவ்வளவு கொடுக்கிறார்? எப்போது கொடுக்கிறார்?" என்பதே அது.

நம் நாட்டு வழக்கப்படி, நியமனம் பெற்ற முகவருக்குக் கூலி தருவது வங்கி. அதுவும் கடன் தொகையில் ஒரு பங்காக, கடன் வழங்கப்பட்ட பிறகே தருகிறது. இதன் விளைவுகளை ஆராய்ந்து பாருங்கள். கடன் பெரிதானால் அவர் கூலியும் பெரிதாகும். கடன் கிடைக்காவிட்டால் அவர் உழைப்புக்கு ஊதியம் இல்லை. ஒரு வங்கி அதிகக் கூலி தந்தால் அந்தப் பக்கம் மனம் சாய இடமுண்டு. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆயினும் தராசின் ஒரு தட்டில் ஏற்கெனவே ஓர் எடை இருக்கிறது. அந்த எடையைத் தெரிந்துகொண்டு நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த எடையைக் கவனியாமல் விட்டதால் விளைந்த கேட்டுக்கு உலக வரலாற்றிலேயே சான்று உண்டு. அமெரிக்க நாட்டில் 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் வீட்டுக்கடன் தரகர்கள் பெருகினர். ஒருவருக்குத் தகுதியாகக் கிடைக்கக்கூடிய வட்டியைவிட அதிக வட்டியில் அவரைக் கடன் வாங்கச் செய்தால், கடன் தரும் நிறுவனம் தரகருக்கு அதிகப் பணம் தரும் முறை அங்கே இருந்தது. ஏழைகளும் கணக்கறியாதவர்களும் தாங்க முடியாத கடன்களில் சிக்கினர். 2007, 2008ஆம் ஆண்டுகளில் அந்தக் கடன்கள் சரிந்தபோது, இலட்சக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. பெரிய வங்கிகளும் வீழ்ந்தன. உலகப் பொருளாதாரமே ஆட்டங்கண்டது. தரகர் பழக்கம் ஒன்றே இதற்குக் காரணமென்று சொல்ல மாட்டேன், காரணங்கள் பல. ஆனால் இதுவும் ஒரு காரணம் என்று கண்டு, 2010இல் அமெரிக்கா இயற்றிய நிதிச் சீர்திருத்தச் சட்டம், வட்டி முதலிய நிபந்தனைகளைப் பொறுத்துத் தரகர் கூலி மாறுவதைத் தடை செய்தது.

ஆஸ்திரேலியாவில் நீதியரசர் கென்னத் ஹெய்ன் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் 2019ஆம் ஆண்டு தன் இறுதி அறிக்கையைத் தந்தது. அதையொட்டி, 2021 ஜனவரி 1 முதல், அந்நாட்டு வீட்டுக்கடன் தரகர் ஒவ்வொருவரும் கடன் வாங்குபவரின் நலத்தையே முதன்மையாகக் கொண்டு நடக்க வேண்டும் என்பது சட்டக் கடமையாயிற்று.

நம் நாட்டில் நிலைமை வேறு. கடன் வாங்குபவரின் நலத்தைக் காக்க வேண்டும் என்று தரகரையே நேராகக் கட்டும் அத்தகைய சட்டம் இங்கே இல்லை. முகவரின் செயலுக்கு அவரை நியமித்த வங்கியே பொறுப்பு என்று பாரத ரிசர்வ் வங்கி 2006ஆம் ஆண்டிலேயே விதித்திருக்கிறது. அஃதாவது, நியமனம் பெற்ற முகவர் தவறு செய்தால் வங்கியைக் கேட்கலாம். நியமனமே இல்லாதவர் தவறு செய்தால் கேட்பதற்கு ஆள் இல்லை. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, அச்சட்டத்துக்குட்பட்ட மனைகளையும் வீடுகளையும் விற்றுத் தரும் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் பதிவு எண் வீடு விற்கும் தரகுக்கு உரியது. கடன் வாங்கித் தரும் தகுதிக்கு அது சான்றாகாது. ஒரு பலகையைக் காட்டி இரண்டு வியாபாரம் செய்பவரிடம் எச்சரிக்கை வேண்டும்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பின், நம்பத்தக்கவரை அறியும் சோதனைகளைச் சொல்கிறேன். குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம்.

முதற் சோதனை, நியமனம். "எந்த வங்கியின் முகவர் நீங்கள்? அடையாள அட்டை இருக்கிறதா?" என்று கேளுங்கள். அட்டையைப் பார்த்ததோடு நிற்காமல், அந்த வங்கிக் கிளைக்கே சென்று விசாரியுங்கள். நேர்மையான முகவர் இதற்குக் கோபிக்க மாட்டார். "நன்றாக விசாரியுங்கள்" என்றே சொல்வார். கோபம் வந்தால், அந்தக் கோபமே விடை.

இரண்டாவது, பணம். வங்கிக்குரிய பரிசீலனைக் கட்டணத்தை வங்கியின் பெயருக்கே செலுத்த வேண்டும். இரசீது பெற வேண்டும். "உள்ளே கொடுக்க வேண்டும்" என்று ரொக்கம் கேட்பவரிடம் அன்றோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். தரகர் தமக்கெனக் கூலி கேட்டால், எவ்வளவு, எந்த வேலைக்கு, கடன் கிடைக்காவிட்டால் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வங்கியிடமும் கூலி, உங்களிடமும் கூலி என்றால், அதை மறைக்காமல் சொல்கிறாரா என்று பாருங்கள்.

மூன்றாவது, கணக்கு. இங்கேதான் உங்கள் பள்ளிப் படிப்பு உதவிக்கு வருகிறது. 30 இலட்சம் ரூபாய்க் கடனை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ரூ. 26,035. அதே கடன் 9 சதவீதமானால் ரூ. 26,992. வித்தியாசம் மாதம் ரூ. 957. "அரை சதவீதம்தானே, ஆயிரம் ரூபாய் கூட இல்லையே" என்பார் தரகர். 240 மாதங்களால் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 2 இலட்சத்து 30 ஆயிரம் ரூபாய் வருகிறது. ஒரு பிள்ளையின் கல்லூரிச் செலவில் பெரும்பகுதி அந்த அரை சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. மேலும், 8.5 சதவீதக் கடனில் முதல் மாதம் கட்டும் 26,035 ரூபாயில் வட்டிக்குப் போவது 21,250 ரூபாய். அசலில் கழிவது 4,785 ரூபாய் மட்டுமே.

வட்டியைச் சொல்லும் முறையிலும் ஒரு கண்கட்டு உண்டு. "எங்கள் வட்டி 5 சதவீதம்தான்" என்று ஒருவர் கூறலாம். அது குறைந்துவரும் நிலுவைக்கா, தொடக்கத் தொகைக்கே கடைசிவரை போடும் ஃபிளாட் வட்டியா என்று கேளுங்கள். ஃபிளாட் முறையில் 30 இலட்சத்துக்கு 20 ஆண்டுகளில் 5 சதவீத வட்டி 30 இலட்சம் ஆகும். மாதத் தவணை ரூ. 25,000. இதையே குறைந்துவரும் நிலுவைக் கணக்கில் பார்த்தால், வட்டி ஏறத்தாழ 8 சதவீதம்! ஐந்து என்று காதில் விழுந்தது, எட்டு என்று கணக்கில் விழுகிறது.

இந்தக் கண்கட்டைத் தவிர்க்க ஒரு நல்ல கருவி இப்போது கிடைத்திருக்கிறது. பாரத ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் இட்ட ஆணைப்படி, 2024 அக்டோபர் 1 முதல், தனிநபருக்குத் தரும் புதிய கடன் ஒவ்வொன்றுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடன் தருபவர் தர வேண்டும். வட்டி, கட்டணங்கள், கடனோடு சேர்த்து வசூலிக்கும் காப்பீட்டுத் தொகை, இவையெல்லாம் கூடி ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்கும். தரகரிடம், "குறைந்தது இரண்டு வங்கிகளின் முக்கிய விவர அறிக்கையைக் கொண்டுவந்து தாருங்கள், வீட்டில் வைத்துப் படித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று கேளுங்கள். கொண்டுவருபவர் நம்பிக்கைக்குப் பாதி வழி வந்துவிட்டார். "அதெல்லாம் எதற்கு, நான் இருக்கிறேன்" என்பவர் இன்னும் துண்டை விலக்கவில்லை.

நான்காவது, ஆவணம். அசல் பத்திரங்களைத் தரகர் கையில் கொடுக்கக்கூடாது. அவற்றை வங்கியில் நேரே ஒப்படைத்து, பட்டியலிட்ட ஒப்புகை பெற வேண்டும். தரகருக்கு நகல் போதும். நகலின் குறுக்கே, இன்ன வங்கியின் வீட்டுக்கடனுக்காக என்று எழுதித் தேதியிடுங்கள். நிரப்பாத படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். ஒரே நேரத்தில் பல வங்கிகளுக்கு உங்கள் பெயரில் விண்ணப்பம் அனுப்பத் தரகரை விடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் பதிவாகிறது. அத்தகைய விசாரணைகள் குறுகிய காலத்தில் பெருகினால், 300 முதல் 900 வரை இடப்படும் கடன் மதிப்பெண் குறையக்கூடும். அந்த ஏட்டின் முழு அறிக்கையை ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. தரகர் பார்ப்பதற்கு முன் அதை நீங்கள் பார்த்துவிடுங்கள்.

ஐந்தாவது, உண்மை. இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. தரகர் உங்களை ஒரு பொய் எழுதச் சொல்கிறாரா?

"வீட்டின் விலை முழுவதையும் கடனாகவே வாங்கித் தருகிறேன்" என்பது அடிக்கடி கேட்கும் வாக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரையே வங்கி தரலாம். 30 முதல் 75 இலட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம். தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்துக்கு, 2023இல் மாற்றியமைத்தபடி, முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமும் ஆகின்றன. 30 இலட்ச ரூபாய் வீட்டுக்கு இதுவே 2 இலட்சத்து 70 ஆயிரம்; கைப்பணமாக 3 இலட்சம்; ஆக 5 இலட்சத்து 70 ஆயிரம் ரூபாய் முன்பே சேர்த்து வைத்திருக்க வேண்டும். முழுத்தொகையும் கடன் என்பவர், வீட்டின் விலையைக் காகிதத்தில் கூட்டி எழுதச் சொல்வார். அல்லது அதிக வட்டியில் இன்னொரு கடனையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்.

எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தந்தை தையற்காரர், மாத வருமானம் ஏறத்தாழ 35,000 ரூபாய். வாடகை வீட்டில் பல ஆண்டுகள் இருந்து சலித்தவர். 28 இலட்ச ரூபாயில் ஒரு வீடு வந்தது. கடன் தரகர் ஒருவர் 25 இலட்சம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் படிவங்களைக் கொண்டுவந்தார். பதினோராம் வகுப்பில் படிக்கும் மகள், காபி கொடுக்க வந்தவள், படிவத்தை எடுத்துப் படித்தாள். வருமானம் என்ற இடத்தில் 60,000 என்று எழுதியிருந்தது.

"அப்பா, நமக்கு இவ்வளவு வருமானம் இல்லையே?" என்று கேட்டாள்.

"அது வழக்கம்தான் அம்மா. அப்படிப் போட்டால்தான் கடன் கிடைக்கும். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் தரகர்.

அந்தப் பெண் வாதாடவில்லை. தன் கணக்கு நோட்டை எடுத்து, 25 இலட்சத்துக்கு 8.5 சதவீதத்தில் 20 ஆண்டுத் தவணையைப் போட்டுப் பார்த்தாள், மாதம் ரூ. 21,696 வந்தது. 35,000 ரூபாயில் அதைக் கழித்தாள். மீதி 13,304. அதன் கீழே அரிசி, மளிகை, மின்சாரம், பாட்டியின் மருந்து, தம்பியின் பள்ளிக்கூடம் என்று எழுதி, நோட்டைத் தந்தையின்முன் வைத்தாள். தந்தை நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இந்த வீடு நமக்கு வேண்டாம் ஐயா" என்று சொல்லிப் படிவங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று அந்த வீட்டில் எல்லாருக்கும் வருத்தந்தான். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, சேமிப்பும் சிறிது கூடியதால், நகரின் எல்லையில் சிறிய வீடொன்றை 14 இலட்ச ரூபாய்க் கடனில் வாங்கினர். அப்போது உதவியவரும் ஒரு தரகர்தான். ஆனால் அவர் வேறு வகை. முதலில் காட்டிய வீட்டின் பட்டாவில் குறை இருக்கிறது என்று அவரே சொல்லித் தடுத்துவிட்டார். தடுத்ததனால் அந்த மாதம் அவருக்கு வரவேண்டிய கூலி போயிற்று. அத்தகையவரையே நம்பத்தக்கவர் என்று நான் சொல்வேன். "இது உங்களுக்குத் தகாது" என்று, தமக்கு நஷ்டம் வரும் இடத்தில் சொல்லத் தெரிந்தவரே நல்ல தரகர்.

வருமானத்தைக் கூட்டி எழுதுவதனால் ஏமாறுவது வங்கி என்று பலர் எண்ணுகின்றனர். அந்தப் பொய்யின் கீழே கையெழுத்து தரகருடையதன்று, கடன் வாங்குபவருடையது. சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாக முதலில் தெரிபவர் அவரே. தவணை கட்ட முடியாமல் திணறுபவரும் அவரே. தரகரோ கூலி பெற்றுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டிருப்பார்.

ஆறாவது, அவகாசம். "இன்று மாலைக்குள் கையெழுத்திட வேண்டும், நாளை வட்டி ஏறிவிடும்" என்று விரட்டுபவரிடம் நிதானமாக இருங்கள். இருபது ஆண்டுக் கடனுக்கு இரண்டு நாள் யோசிக்க இடந்தராதவர், நம் நலத்தை நினைப்பவர் ஆகார். அந்த இரண்டு நாட்களில் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பத்திரங்களை நமக்குரிய ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வங்கியின் வழக்கறிஞரும் பார்ப்பார். ஆனால் அவர் பார்ப்பது வங்கிக்காக.

கடன் வாங்கிய பின்னரும் நமக்குச் சில உரிமைகள் உண்டு. அவற்றை நல்ல தரகர் முன்பே எடுத்துச் சொல்வார். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்னதாக அடைத்தால் வங்கிகள் அபராதம் வசூலிக்கக்கூடாது என்பது 2012 முதல் விதி. கடன் முழுவதும் தீர்ந்தபின் 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தங்கள் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ. 5,000 வீதம் ஈடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் விதி. முகவராலோ வங்கியாலோ குறை நேர்ந்தால், முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாட்களுக்குள் தக்க விடை கிடைக்காவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆகவே எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது. வாய்ச்சொல்லை எந்தக் குறைதீர்ப்பாளரிடமும் நகலெடுத்துக் காட்ட முடியாது.

மாணவ மாணவியரே! "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்றார்கள் நம் முன்னோர். அளக்கத் தெரிந்தவரே அந்தப் புத்திமதியைப் பின்பற்ற முடியும். பெருக்கலும் வட்டிக் கணக்கும் தேர்வுக்காக மட்டும் படிப்பவை அல்ல. அவை உங்கள் குடும்பத்துக்கு அளவுகோல். இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் கடன் இருந்தால், பெற்றோரின் அனுமதியோடு அந்தப் பத்திரத்தை வாங்கி, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இதுவரை கட்டியதில் அசலில் கழிந்தது எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கடன் இல்லையென்றால், மேலே நான் சொன்ன 30 இலட்சக் கணக்கை நீங்களே போட்டு, விடை சரிதானா என்று சோதியுங்கள்.

பெரியவர்கள் பேசும் இடத்தில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். பணிவோடு கேட்கும் கேள்வியால் எந்தப் பெரியவருக்கும் மரியாதை குறைந்துவிடாது. நேர்மையான தரகர் அந்தக் கேள்விக்கு மகிழ்ந்து விடையளிப்பார். அல்லாதவர் எழுந்து போய்விடுவார். இரண்டில் எது நேர்ந்தாலும் உங்கள் குடும்பத்துக்கு நன்மையே.